அறிவிப்பாளர் நம்பகமானவரா? சனிக்கிழமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் பாலக்காட்டில், தமிழ்நாட்டு எல்லைப் பக்கம், புதுநகரத்துக்கும் மீனாட்சிபுரத்துக்கும் இடையில். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், பள்ளிவாசலில் இரண்டும். ராவுத்தமார் பள்ளி ஹனஃபி, அங்கே இமாம் ‘ஹஜ்ரத்’. மாப்பிளமார் பள்ளி ஷாஃபிஈ, அங்கே ‘உஸ்தாத்’. ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டும் சுன்னிகளின் சட்ட வழிகள். பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்ட ஹதீஸும் (நபிமொழியும்) வாட்ஸ்அப்பில் வந்த ஹதீஸும் மோதிக்கொள்ளும்போது சின்னவர், பெரியவர் எல்லாரும் என் கடைக்கு வந்துவிடுவார்கள். அரபிக் கல்லூரியில் நாலு வருஷம் ஓதி, பாதியில் நின்று, ஸ்டேஷனரிக் கடை போட்டவன் நான்; ஆலிம் இல்லை. ஃபத்வா கேட்டு வந்தால் ஹஜ்ரத்திடம் அனுப்பிவிடுவேன். ஆனால் சனிக்கிழமை மஃரிபுக்கு அப்புறம் கடை மாடியில் நடக்கும் வகுப்பில், ஒரு ஹதீஸைச் சொன்னவரை நம்பலாமா, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்ற அதே சந்தேகங்கள் வருஷா வருஷம் வருகின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். சுன்னி அறிஞர்களின் முறையை மட்டும்தான் இங்கே பேசுகிறேன். ஷீஆக்களுக்கு வேறு அறிவிப்பாளர் நூல்களும் வேறு அளவுகோல்களும் உண்டு.

ஏனுங்க பாய், ஸனது ஸனதுன்னு சொல்றாங்களே, அது ஆலிமுக்கு ஓதி முடிச்சா குடுக்கிற சர்டிபிகேட் தானே?

சொல் அதேதான். வேலூர் பாக்கியாத் அரபிக் கல்லூரியில் ஓதி முடித்தவர் வாங்குவதும் ஸனதுதான். அந்தச் சொல்லின் மூலப்பொருள் ‘சாய்ந்துகொள்ள ஒரு பிடிமானம்’. ஹதீஸ் கலையில், ‘இதை எனக்கு இவர் சொன்னார், அவருக்கு அவர் சொன்னார்’ என்று நபி (ஸல்) அவர்கள் வரை போகும் பெயர்ச் சங்கிலிக்கு ஸனது என்று பெயர். சங்கிலி முடிந்தபின் வரும் செய்தி மத்தன். சங்கிலியில் உள்ள ஒவ்வொரு ஆளும் ராவி, அதாவது அறிவிப்பாளர். (ராவின்னா ராவுத்தரா என்று ஒரு பொடியன் கேட்டான். இல்லை தம்பி.)

நிலம் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நம் பக்கம் ஆதாரம் என்கிறோம், எல்லைக்கு அந்தப் பக்கம் பத்திரம் என்கிறார்கள். விற்பவர் கையில் இருக்கும் ஆதாரம் மட்டும் போதாது. அவருக்கு விற்றவரின் முன்னாதாரம், அதற்கும் முந்தையது என்று பின்னாலேயே போக வேண்டும். நடுவில் ஒன்று இல்லாததால் என் அத்தா நல்ல தென்னந்தோப்பு ஒன்றை வேண்டாம் என்று விட்டுவிட்டார். தோப்பில் குறை ஒன்றும் இல்லை, ஆதாரத்தில்தான் குறை.

அந்தச் சங்கிலியை ஒரு தடவை காட்டுங்களேன், பார்த்தாத்தானே தெரியும்?

இமாம் புகாரி தொகுத்த ஹதீஸ் நூலின் முதல் ஹதீஸ், ‘செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே’ என்பது. புகாரி தமக்குச் சொன்னவராக ஹுமைதியைக் குறிப்பிடுகிறார். ஹுமைதிக்கு சுஃப்யான் இப்னு உயைனா. அவருக்கு யஹ்யா இப்னு ஸயீத் அல்அன்ஸாரி. அவருக்கு முஹம்மத் இப்னு இப்ராஹீம் அத்தைமீ. அவருக்கு அல்கமா இப்னு வக்காஸ். அல்கமா, உமர் (ரலி) மிம்பரில் (பள்ளிவாசல் மேடையில்) நின்று சொல்லக் கேட்டவர். உமர் (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் கேட்டவர்.

ஆறு பேர். ஒவ்வொருவரைப் பற்றியும் இவர் யார், எந்த ஊர், எப்போது இறந்தார், யாரிடம் கேட்டார், இவரிடம் யார் கேட்டார்கள், நினைவு எப்படி என்ற கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அந்தப் பதில்களைச் சேர்த்துவைத்த கலைக்குத்தான் அஸ்மாஉர் ரிஜால் என்று பெயர். அதில் ‘இவர் தேறுவார், இவர் தேறமாட்டார்’ என்று தீர்ப்பு சொல்லும் பகுதி ஜர்ஹ் வ தஃதீல்: குறை சொல்வதும் நற்சான்று தருவதும்.

ஸஹாபாக்கள் காலத்துலேயே இந்த விசாரணை எல்லாம் இருந்துதா, இல்ல பின்னாடி வந்தவங்க கிளப்பினதா?

ஸஹாபாக்கள் என்றால் நபித்தோழர்கள். இப்னு ஸீரீன், பஸராக்காரர், இறந்தது ஹிஜ்ரி 110. ஆரம்பத்தில் இஸ்னாதை, அதாவது ஸனதைப் பற்றிக் கேட்கமாட்டார்கள், ஃபித்னா (உள்குழப்பம்) வந்த பிறகு ‘உங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லுங்கள்’ என்று கேட்க ஆரம்பித்தார்கள் என்று அவர் சொன்னதை இமாம் முஸ்லிம் தம் ஹதீஸ் நூலின் முன்னுரையில் பதிந்திருக்கிறார். சமுதாயம் கட்சி கட்சியாகப் பிரிந்தபோது, தன் கட்சிக்குச் சாதகமாக ஹதீஸ் சொல்ல ஆள் கிளம்பும் என்ற பயம் வந்தது.

அடுத்த தலைமுறைகளில் அது தனித் துறையாகவே ஆனது. ஷுஅபா (இறப்பு ஹிஜ்ரி 160), யஹ்யா அல்கத்தான் (198), யஹ்யா இப்னு மயீன் (233), அலீ இப்னுல் மதீனி (234), அஹ்மத் இப்னு ஹன்பல் (241) ஆகிய பெயர்கள் கீழே அடிக்கடி வரும்.

ஒரு ஆளை நம்பலாம்னு எதை வெச்சு முடிவு பண்ணுவாங்க?

இரண்டு விஷயம். ஒன்று அதாலத்: ஆள் நேர்மையானவரா, பாவங்களைத் துணிந்து செய்யாதவரா, நாலு பேர் முகம் சுளிக்கும்படி நடக்காதவரா. இன்னொன்று ளப்த்: கேட்டதைக் கேட்டபடி நினைவிலோ ஏட்டிலோ பிசகாமல் காத்து, அப்படியே திருப்பிச் சொல்லக்கூடியவரா. இரண்டும் இருந்தால் ‘ஸிகா’, நம்பகமானவர்.

ஆள் தேறினால் மட்டும் ஹதீஸ் ஸஹீஹ் (ஆதாரப்பூர்வமானது) ஆகிவிடாது. சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். தம்மைவிட வலுவானவர்கள் சொல்வதற்கு மாறாக இவர் சொல்லியிருக்கக் கூடாது. வெளியே தெரியாத உள்குறை எதுவும் இருக்கக் கூடாது. இந்த உள்குறையைத்தான் இல்லத் என்பார்கள். அதைக் கண்டுபிடிக்கிற ஆட்கள் எந்தக் காலத்திலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்திருக்கிறார்கள்.

அஞ்சு வேளை தொழுது, தஹஜ்ஜத்தும் விடாத மனுஷர் சொன்னாக்கூட எடுத்துக்க மாட்டாங்களா? இது என்ன நியாயம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். நாம் ஒருவரை நல்லவர் என்று சொன்னால், அவர் சொல்வதெல்லாம் சரி என்பதையும் கூடவே சேர்த்துக்கொள்கிறோம். ஹதீஸ் கலைஞர்கள் இரண்டையும் வெட்டிப் பிரித்துவிட்டார்கள்.

இமாம் மாலிக் (இறப்பு ஹிஜ்ரி 179) மதீனாவில் நபியின் பள்ளித் தூண்களைக் காட்டிச் சொன்னதாக வருவது: இங்கே ‘நபி சொன்னார்கள்’ என்று அறிவிக்கும் எழுபது பேரைச் சந்தித்திருக்கிறேன், அவர்களில் ஒருவரிடம் பொதுக் கருவூலத்தையே ஒப்படைத்தாலும் பத்திரமாக இருக்கும், ஆனாலும் அவர்களிடம் நான் எதையும் எடுக்கவில்லை, அவர்கள் இந்தத் துறையின் ஆட்கள் அல்ல. யஹ்யா அல்கத்தான் இன்னும் கடுமை. நல்லடியார்கள் ஹதீஸில் பொய் சொல்வது போல வேறு எதிலும் சொல்லிப் பார்த்ததில்லை என்றார். இமாம் முஸ்லிம் அதற்கு விளக்கம் தருகிறார்: அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, அது நாவில் தானாக ஓடிவிடுகிறது.

யோசித்தால் புரியும். வணக்கத்திலேயே மூழ்கியவருக்கு ஏடு பார்த்துச் சரிபார்க்க நேரம் இருக்காது. காதில் விழுந்த நல்ல வார்த்தை எல்லாம் நபியின் வார்த்தையாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். தங்கமான மனுஷர். கடன் வாங்கினால் சொன்ன தேதிக்கு முந்தின நாளே கொடுத்துவிடுவார். ஆனால் அவர் ஒரு சம்பவத்தை மூன்று தடவை சொன்னால் மூன்று ஊரில் நடந்திருக்கும். அவரிடம் நான் பணத்தை ஒப்படைப்பேன். ஹதீஸை ஒப்படைக்கமாட்டேன்.

ஞாபகம் சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்? பரீட்சையா வெச்சாங்க?

சில சமயம் நிஜமாகவே வைத்தார்கள். யஹ்யா இப்னு மயீனும் அஹ்மத் இப்னு ஹன்பலும் பயணம் முடிந்து திரும்பும் வழியில் கூஃபா வந்தார்கள். அங்கே அபூ நுஐம் என்ற ஆசிரியர். ‘இவரைச் சோதித்துப் பார்க்கணும்’ என்றார் யஹ்யா. ‘வேண்டாம், அவர் நம்பகமானவர்’ என்றார் அஹ்மத். யஹ்யா கேட்கவில்லை. அபூ நுஐமின் ஹதீஸ்கள் முப்பதை ஒரு தாளில் எழுதி, பத்துக்கு ஒன்று வீதம் அவருடையது அல்லாத ஹதீஸைச் செருகிக்கொண்டு போனார்.

வாசலில் திண்ணை மாதிரி ஒரு மேடை. மூவரும், கூட வந்த மாணவர் ஒருவரும் உட்கார்ந்தார்கள். முதல் பத்து வாசித்து, செருகலுக்கு வந்ததும் அபூ நுஐம், ‘இது என்னுடையது இல்லை, அடித்துவிடு’ என்றார். இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவது வந்ததும் அவர் முகம் மாறியது. அஹ்மதைக் காட்டி, ‘இவர் இப்படிச் செய்கிற ஆள் இல்லை, பேணுதல் உள்ளவர்’ என்றார். மாணவரைக் காட்டி, ‘இவனுக்கு இந்த அளவுக்குப் போதாது’ என்றார். யஹ்யாவிடம், ‘இது உன் வேலை’ என்று சொல்லி, காலை நீட்டி ஒரு உதை. யஹ்யா மேடையிலிருந்து கீழே விழுந்தார். எழுந்து வந்து அபூ நுஐமின் நெற்றியில் முத்தமிட்டார். நான் அப்போதே சொன்னேனே என்றார் அஹ்மத். அந்த உதை இந்தப் பயணத்தைவிட எனக்குப் பிரியமானது என்றாராம் யஹ்யா.

ஆனால் தினசரி முறை இவ்வளவு சுவாரசியமானது இல்லை. ஒரே ஆசிரியரிடம் பத்து மாணவர்கள் கேட்டிருப்பார்கள். பத்துப் பேர் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஒன்பது பேர் ஒரு மாதிரியும் ஒருவர் மட்டும் வேறு மாதிரியும் சொன்னால், அது எத்தனை தடவை நடக்கிறது என்று எண்ணுவார்கள். அபூர்வமாக நடந்தால் மனிதத் தவறு. அடிக்கடி நடந்தால் நினைவு மோசம்.

பக்தாதுல புகாரி இமாமுக்கு நூறு ஹதீஸை மாத்தி மாத்திப் போட்டு சோதிச்ச கதை உண்மையா?

சங்கிலிகளைக் குழப்பி நூறு ஹதீஸ் கேட்டார்களாம், அவர் நூறையும் சரியாக மாற்றி அடுக்கிச் சொன்னாராம். பயானில் கேட்கவே புல்லரிக்கும். இதைப் பதிந்தவர் இப்னு அதீ. ஆனால் அவர், ‘எங்கள் ஷைகுமார்கள் பலர் சொல்லக் கேட்டேன்’ என்கிறார், பெயர் சொல்லவில்லை. புகாரியின் திறமைக்கு இந்தக் கதையின் துணை தேவையில்லை. இருந்தாலும் ஸனதைப் பற்றிப் புகழ்ந்து சொல்லும் கதையின் ஸனதிலேயே பெயர் தெரியாத ஆட்கள் இருப்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

செத்துப்போனவங்களைப் பத்தி பொய்யன், மறதிக்காரன்னு எழுதி வைக்கிறது புறம் பேசுறது ஆகாதா?

இந்தச் சந்தேகம் அன்றைக்கே இருந்தது. அபூ துராப் என்ற சூஃபிப் பெரியவர் இமாம் அஹ்மதின் சபைக்கு வந்தார். அஹ்மத் ‘இன்னார் பலவீனமானவர், இன்னார் நம்பகமானவர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். ‘ஷைகே, ஆலிம்களைப் புறம் பேசாதீர்கள்’ என்றார் அபூ துராப். ‘அட, இது நலம் நாடிச் சொல்வது, புறம் பேசுவது அல்ல’ என்று பதில் வந்தது. ஷுஅபாவோ, ‘வாருங்கள், அல்லாஹ்வுக்காகக் கொஞ்சம் புறம் பேசுவோம்’ என்றே மாணவர்களைக் கூப்பிடுவாராம்.

ஆனால் அதற்கு எல்லை உண்டு. அறிவிப்புக்குச் சம்பந்தமில்லாத குடும்பக் குறையைக் கிளறக் கூடாது, ஒரு குறை சொன்னால் போதும் என்னும் இடத்தில் இரண்டு சொல்லக் கூடாது. சொந்தக்காரர் என்று தயவு காட்டவும் கூடாது. அலீ இப்னுல் மதீனியிடம் அவருடைய தந்தையைப் பற்றிக் கேட்டார்கள். ‘வேறு யாரிடமாவது கேளுங்கள்’ என்றார். விடவில்லை. தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நிமிர்ந்தார். ‘இது மார்க்க விஷயம். என் தந்தை பலவீனமானவர்’ என்றார்.

வேணும்னே பொய் சொல்றவனை எப்படிப் பிடிச்சாங்க?

பெரும்பாலும் தேதியை வைத்து. முஅல்லா இப்னு இர்ஃபான் என்று ஒருவர், ‘ஸிஃப்பீனில் இப்னு மஸ்ஊத் (ரலி) எங்களிடம் வந்ததாக அபூ வாயில் எனக்குச் சொன்னார்’ என்றார். இப்னு மஸ்ஊத் இறந்தது ஹிஜ்ரி 32 வாக்கில். ஸிஃப்பீன் போர் 37இல். மேலே உதைத்தாரே அதே அபூ நுஐம், ‘மவுத்துக்குப் பிறகு எழுப்பப்பட்டு வந்தாரோ?’ என்று கேட்டார். அதோடு சரி.

சில இடங்களில் ஆதாயம் வெளிப்படையாகத் தெரியும். கலீஃபா மஹ்தி புறாப் பிரியர். அவரிடம் போன கியாஸ் இப்னு இப்ராஹீம் என்பவர், போட்டிப் பந்தயம் பற்றிய ஹதீஸில் அம்பு, ஒட்டகம், குதிரை ஆகியவற்றோடு ‘இறக்கை’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார். கலீஃபா பரிசும் கொடுத்தார். அவர் திரும்பிப் போகும்போது, ‘இது பொய்யனின் பிடரி என்று சாட்சி சொல்கிறேன்’ என்று சொல்லி, தன்னால்தானே இந்தப் பொய் வந்தது என்று புறாக்களை அறுக்கச் சொன்னார் என்பது வரலாறு. பாவம், புறாக்கள்.

நல்ல நோக்கத்தோடு இட்டுக்கட்டியவர்களும் உண்டு. நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவர் ஒவ்வொரு சூராவுக்கும் சிறப்பு சொல்லும் ஹதீஸ்களை உண்டாக்கினார். மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்கள், அதனால்தான் என்றாராம். எல்லாக் கலையும் சேர்த்துவைத்தவர் என்று அவருக்கு ‘ஜாமிஃ’ என்று ஒரு பட்டப்பெயர். எல்லாவற்றையும் சேர்த்தார், உண்மையைத் தவிர என்றார் இப்னு ஹிப்பான்.

ஸிகா, ஸதூக், மத்ரூக்... இந்த வார்த்தைக்கெல்லாம் மார்க்கு போட்டுச் சொல்லுங்க.

இப்னு ஹஜர் (இறப்பு ஹிஜ்ரி 852) தம் ‘தக்ரீப்’ நூலில் 12 படிகள் வைத்திருக்கிறார். மேல் படி ஸஹாபாக்கள். அவர்கள் எல்லாருமே நேர்மையாளர்கள் என்பது சுன்னிகளின் நிலை, அதனால் அங்கே விசாரணை கிடையாது. அப்புறம் ஸிகாவின் வகைகள். அதற்குக் கீழே ‘ஸதூக்’, அதாவது உண்மையாளர், ஆனால் துல்லியத்தில் ஒரு மாற்றுக் குறைவு. பிறகு தவறு செய்பவர், பலவீனர், யாரென்று தெரியாதவர், மத்ரூக் (கைவிடப்பட்டவர்), கடைசியில் பொய்யர்.

ஆனால் எல்லாரும் ஒரே அகராதியில் பேசவில்லை. இப்னு மயீன் ‘பரவாயில்லை’ என்று சொன்னால் அது முழு ஸிகா. புகாரி ‘இவரைப் பற்றி மௌனமாகிவிட்டார்கள்’ என்றால் மென்மையாகத் தோன்றும். உண்மையில் அது கடுமையான தள்ளுபடி. சொல்லை மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லப் போனால் இங்கேதான் வழுக்கும்.

ஒரு இமாம் நல்லவர்ங்கிறார், இன்னொரு இமாம் மோசம்ங்கிறார். யார் பேச்சை எடுக்கிறது?

காரணத்தோடு சொன்ன குறை, காரணமில்லாத பாராட்டைவிட முந்தும். வெறுமனே ‘பலவீனர்’ என்றால், ஏன் என்று கேட்பார்கள். சொல்பவர் எப்படிப்பட்டவர் என்றும் பார்ப்பார்கள். அபூ ஹாதிம் அர்ராஸீ போன்றவர்கள் சின்னத் தவறுக்கே பிடித்துக்கொள்வார்கள். அவரே ஒருவரை நல்லவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். திர்மிதி, ஹாகிம் கொஞ்சம் தாராளம். அஹ்மதும் புகாரியும் நடுவில். இந்தத் தராதரம் தஹபி (இறப்பு ஹிஜ்ரி 748) சொன்னது.

சம காலத்தவர் சண்டையைத் தனியாகக் கழித்துவிடுவார்கள். மாலிக், சீறா (நபி வரலாறு) எழுதிய இப்னு இஸ்ஹாக்கை ‘தஜ்ஜால்களில் ஒருவன்’ என்றார். அவரும் மாலிக்கைப் பற்றி வாய் நீட்டியிருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இப்னு இஸ்ஹாக்கை ‘உண்மையாளர், ஆனால் தத்லீஸ் செய்பவர்’ என்ற இடத்தில் வைத்தார்கள்.

தத்லீஸ்னா என்ன உஸ்தாதே? அதுவும் பொய்தானா?

(நான் உஸ்தாது இல்லை தம்பி.) நேரே கேட்காததை, கேட்டது போலத் தோன்றும் வார்த்தையில் சொல்வது. ‘அவர் எனக்குச் சொன்னார்’ என்றால் பொய்யாகிவிடும். ‘அவர் வழியாக’ என்றால் தப்பித்துக்கொள்ளலாம். அதனால் தத்லீஸ் செய்பவர் ‘எனக்குச் சொன்னார்’ என்று தெளிவாகச் சொன்னால்தான் எடுப்பார்கள். ஷுஅபா இதைப் பொய்யின் சகோதரன் என்றார்.

ஹுஷைம் என்ற அறிஞரிடம் இன்றைக்கு ஏமாறக் கூடாது என்று மாணவர்கள் பேசிவைத்துக்கொண்டு போனார்கள். அவர் ‘எங்களுக்கு ஹுஸைன் சொன்னார், முகீராவும்’ என்றே அன்று முழுக்கச் சொன்னார். முடிவில், ‘இன்று தத்லீஸ் செய்தேனா?’ என்று கேட்டார். ‘இல்லை’ என்றார்கள். ‘முகீராவிடம் இதில் ஒரு எழுத்துக்கூட நான் கேட்கவில்லை’ என்றார். குறும்புக்காரர்தான், ஆனால் தானே சொல்லிவிட்டார்.

ஒருத்தருக்கு வயசாகி புத்தி தடுமாறிடுச்சுன்னா, அவர் சொன்னதெல்லாம் போச்சா?

இல்லை. எப்போது கேட்டது என்று பார்ப்பார்கள். எகிப்தின் காழி (நீதிபதி) இப்னு லஹீஆவின் ஏடுகள் தீயில் எரிந்தன. பிறகு நினைவிலிருந்து சொல்லப் போய்க் குழம்பினார். அதனால் முன்பே கேட்டுக்கொண்ட இப்னுல் முபாரக், இப்னு வஹ்ப் போன்றவர்கள் வழியாக வருவதற்கு மதிப்பு அதிகம்.

ஊரை வைத்தும் பிரிப்பார்கள். இஸ்மாயில் இப்னு அய்யாஷ் தம் ஷாம் (சிரியா) நாட்டு ஆசிரியர்களிடமிருந்து சொன்னால் சரி. ஹிஜாஸ்காரர்களிடமிருந்து (மக்கா, மதீனா பக்கத்தவர்) சொன்னால் பலவீனம். ஒரே ஆள், இரண்டு தீர்ப்பு. அதனால் ‘இன்னார் ஸிகாவா?’ என்பது பாதிக் கேள்விதான். ‘யாரிடமிருந்து, எப்போது?’ என்பது மீதி.

கொள்கை வேற ஆளா இருந்தா? காரிஜீ, ஷீஆன்னா தூக்கிப் போட்டுடுவாங்களா?

இம்ரான் இப்னு ஹித்தான் காரிஜீ, அதாவது அலீ (ரலி) அவர்களை எதிர்த்துப் பிரிந்த கூட்டத்தின் கொள்கைக்காரர். அவர் வழியாக புகாரியில் அறிவிப்பு உண்டு. அபான் இப்னு தக்லிபைப் பற்றி தஹபி சொன்னது: கடும் ஷீஆ, ஆனால் உண்மையாளர், அவருடைய உண்மை நமக்கு, அவருடைய பித்அத் (மார்க்கத்தில் புதுமை) அவருக்கு. தன் கொள்கைக்கு ஆள் சேர்ப்பவரின் அறிவிப்பைப் பலர் ஒதுக்கினார்கள். இதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு.

பொம்பளைங்க சொன்ன ஹதீஸுக்கு மதிப்பு குறைவா? சாட்சி சொல்றதுல ரெண்டு பேர்ங்கிறாங்களே.

இது எங்கள் வகுப்பில் ஒரு அக்கா கேட்டது. ஹதீஸ் அறிவிப்பது வேறு, கோர்ட்டில் சாட்சி சொல்வது வேறு. அறிவிப்பில் ஒரு பெண் தனியாகச் சொன்னாலும் போதும். ஆயிஷா (ரலி) அறிவித்தவை மட்டும் ஆயிரக்கணக்கில் உண்டு. புகாரி நூலைப் பாடம் சொல்லிக்கொடுத்த கரீமா அல்மர்வஸிய்யா (இறப்பு ஹிஜ்ரி 463) வழியாக வந்த பிரதி அறிஞர்களிடம் பெரிய மதிப்புடையது.

குறையுள்ள அறிவிப்பாளர்களைத் தொகுத்த ‘மீஸான்’ நூலில் தஹபி சொல்கிறார்: பெண்களில் பொய்க் குற்றம் சாட்டப்பட்டவரோ கைவிடப்பட்டவரோ எவரையும் நான் அறியவில்லை. யாரென்று தெரியாத பெண்கள் உண்டு, அது வேறு குறை. அந்த அக்கா இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தது எனக்கு இன்னும் ஞாபகம்.

‘சீன தேசம் சென்றேனும் சீர்கல்வி தேடு’ன்னு ஸ்கூல் ஆண்டு விழாவுல பேனரே கட்டுறாங்க. அது ஹதீஸ் இல்லையா?

இல்லை. அனஸ் (ரலி) வழியாக என்று சொல்லப்படும் அந்தச் சங்கிலியில் அபூ ஆதிகா என்று ஒருவர் வருகிறார். அவரை ‘முன்கருல் ஹதீஸ்’ என்றார் புகாரி. அவர் அகராதியில் அதற்கு, இவரிடமிருந்து அறிவிக்கவே கூடாது என்று அர்த்தம். இப்னுல் ஜவ்ஸீ இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் இதைச் சேர்த்திருக்கிறார்.

‘கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை’ என்பது வேறு கதை. அது இப்னு மாஜாவின் ஹதீஸ் நூலில் இருக்கிறது. தனித்தனியாகப் பலவீனமான பல வழிகள், சேர்த்துப் பார்த்தால் ஹஸன் (ஸஹீஹுக்கு அடுத்த, ஏற்கத்தக்க) தரத்துக்கு வரும் என்றார் மிஸ்ஸீ. பேனரில் அதைப் போடலாமே என்று சொன்னேன். சீனா இருந்தால்தான் மோனை நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஆளைப் பார்க்கிறது சரி, சொல்ற விஷயத்தையே பார்க்க மாட்டாங்களா?

பார்ப்பார்கள். நெல் விளையும் பாலக்காட்டுக்காரர்களுக்குப் பிடித்த உதாரணம் ஒன்று: ‘அரிசி மனிதனாக இருந்திருந்தால் பொறுமைசாலியாக இருந்திருக்கும்.’ இன்னொன்று, ‘கத்தரிக்காய் எந்த நோக்கத்தில் உண்ணப்படுகிறதோ அதற்குப் பயன்படும்.’ நபிமொழியின் கண்ணியத்துக்கு ஒவ்வாத இந்த மாதிரிப் பேச்சே பொய்யின் அடையாளம் என்று இப்னுல் கய்யிம் தனியாகப் பட்டியல் போட்டார். கத்தரிக்காய் வியாபாரியின் கைவரிசையாக இருக்கும் என்பது என் ஊகம்.

சுப்ஹுல மாப்பிளப் பள்ளியில குனூத் ஓதுறாங்க, நம்ம பள்ளியில இல்ல. ஹதீஸ் ஒண்ணுதானே, அப்புறம் எப்படி ரெண்டு?

குனூத் என்பது தொழுகையில் நின்றபடி ஓதும் ஒரு துஆ; சுப்ஹு, ஃபஜ்ர் இரண்டும் அதிகாலைத் தொழுகையின் பெயர்தான். சிக்கலான கேள்வி, ஆனால் மேலே சொன்னதெல்லாம் இங்கே வேலைக்கு வரும். ‘நபி (ஸல்) உலகை விட்டுப் பிரியும் வரை ஃபஜ்ரில் குனூத் ஓதினார்கள்’ என்று அனஸ் (ரலி) வழியாக ஒரு ஹதீஸ். சங்கிலியில் அபூ ஜஅஃபர் அர்ராஸீ இருக்கிறார். அபூ ஹாதிம் (கறார் பேர்வழி என்றேனே, அவரேதான்) இவரை ஸிகா என்றார். அபூ ஸுர்ஆவோ, நிறையக் குழம்புவார் என்றார். ‘உண்மையாளர், நினைவு மோசம்’ என்று முடித்தார் இப்னு ஹஜர். ஹாகிம், பைஹகீ, நவவீ ஆகியோர் இந்த ஹதீஸை ஏற்றார்கள். இப்னுல் ஜவ்ஸீ போன்றோர் ஏற்கவில்லை.

இன்னொரு பக்கம் திர்மிதியின் ஹதீஸ் நூலில் ஒரு ஹதீஸ். அபூ மாலிக் அல்அஷ்ஜயீ தம் தந்தையிடம், ‘நீங்கள் நபிக்கும் நாலு கலீஃபாக்களுக்கும் பின்னால் தொழுதிருக்கிறீர்களே, அவர்கள் ஃபஜ்ரில் குனூத் ஓதினார்களா?’ என்று கேட்கிறார். ‘மகனே, அது புதிதாக வந்தது’ என்கிறார் தந்தை. ஹனஃபிகள் இதைப் போன்றவற்றை முன்வைத்து, சோதனைக் காலத்தில் மட்டும் ஓதினார்கள் என்கிறார்கள். ஒரு ஆளின் நினைவை எவ்வளவு நம்புவது என்பதில் வந்த வித்தியாசம் பாதி, ஹதீஸ்களை இணைத்துப் படிக்கும் முறையில் வந்த வித்தியாசம் பாதி. இரண்டு பள்ளியிலும் தொழுகை கூடும். நான் மாப்பிளப் பள்ளிக்குப் போனால் கையேந்தாமல் நிற்பேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

ளயீஃப்னா குப்பையில போட வேண்டியதா?

ளயீஃப் என்றால் பலவீனமான ஹதீஸ். ஏன் பலவீனம் என்பதைப் பொறுத்தது. நினைவுக் குறையால் வந்த பலவீனம், வேறு வழியில் அதே செய்தி வந்தால் சரியாகலாம். பொய்யரால் வந்ததை நூறு பொய்யர் சேர்ந்தாலும் தூக்கி நிறுத்த முடியாது. நற்செயல்களின் சிறப்பைச் சொல்ல ளயீஃபைப் பயன்படுத்தலாம் என்போரும் நிபந்தனை வைத்தார்கள். இப்னு ஹஜர் சொன்னவை மூன்று: பலவீனம் கடுமையாக இருக்கக் கூடாது, ஏற்கெனவே நிலைபெற்ற ஒரு பொது விதிக்குள் வர வேண்டும், நபி (ஸல்) சொன்னதுதான் என்று உறுதியாக நம்பிவிடக் கூடாது. மூன்றாவதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

அந்த முதல் ஹதீஸுல உமர் (ரலி)ல இருந்து யஹ்யா வரைக்கும் ஒவ்வொரு ஆளாத்தானே இருக்காங்க? ஒரே ஆள் சொன்னா எப்படி ஸஹீஹ்?

கவனித்துக் கேட்ட கேள்வி. ஆமாம், நான்கு அடுக்கு வரை ஏற்கத்தக்க வழி ஒன்றுதான். யஹ்யா இப்னு ஸயீதுக்குப் பிறகுதான் ஏராளமானோர் அறிவித்தார்கள். எண்ணிக்கை ஸஹீஹுக்கு நிபந்தனை இல்லை. அந்த ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதே கேள்வி. இந்த நால்வரிடமும் நேர்மையிலும் துல்லியத்திலும் குறை காணப்படவில்லை. இதே ஒற்றை வழியில் நினைவு மோசமான ஒருவர் இருந்திருந்தால் கதை வேறு.

புகாரி, முஸ்லிம் இரண்டையும் யாரும் தொடவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். தாரகுத்னீ (இறப்பு ஹிஜ்ரி 385) இரண்டிலுமாகச் சுமார் 200 ஹதீஸ்களில் கேள்வி எழுப்பினார். பெரும்பாலும் சங்கிலி நுணுக்கங்கள். பலவற்றுக்கு இப்னு ஹஜர் பதில் எழுதினார்.

யாருன்னே தெரியாத ஆள் சங்கிலியில இருந்தா? போன்ல வர்ற ஹதீஸுக்கும் இதெல்லாம் பார்க்க முடியுமா?

அப்படிப்பட்டவருக்கு மஜ்ஹூல் என்று பெயர். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் தெரியாதவரை நம்பி நபியின் பெயரில் ஒரு வார்த்தையைச் சேர்க்கவும் மாட்டார்கள். இப்னு ஹிப்பான் இதில் தாராளம், அதனால் அவர் மட்டும் ஒருவரை நல்லவர் என்றால் மற்றவர்கள் யோசிப்பார்கள்.

போனில் வருவதற்கு முதலில் சங்கிலி இருக்கிறதா என்று பாருங்கள். ‘ரமலான் வரும் செய்தியை முதலில் சொல்பவருக்கு நரகம் ஹராம்’ என்று வருஷா வருஷம் ஒன்று வருமே, அதற்கு எந்த ஹதீஸ் நூலிலும் ஸனது கிடையாது. போன வருஷம் ஷஅபானில் எங்கள் மாமா எனக்கு அனுப்பினார், கீழே ‘புகாரி’ என்று போட்டு. ‘யார் சொன்னது மாமா?’ என்று கேட்டேன். ‘கோயமுத்தூர் மச்சான் அனுப்பினான்’ என்றார். மச்சானுக்குப் போன் போட்டேன். ‘ஏதோ குரூப்ல வந்துச்சு மாப்ள, நம்பர் சேவ் பண்ணல’ என்றார்.